போலீஸ் கார்டும் பச்சைப் பட்டையும்

என் நோய் முதலில் விசிலில்தான் தெரிந்தது.

குற்றாலத்தில் சீசன் நேரம். மெயினருவியில் பெண்கள் பக்கம் எனக்கு டூட்டி. நான் தலைமைக் காவலர், ஊர் வழக்கில் ஏட்டம்மா. மேலே மலையில் மழை பிடித்துக்கொண்டது. தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாற ஆரம்பித்தது. அந்த நிறத்தைக் கண்டுவிட்டால் யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்க மாட்டோம். விசில் அடித்து ஆட்களை வெளியேற்றுவோம். அருவி இரைச்சலில் வாய்ச்சொல் எடுபடாது. விசில் கேட்ட காவலர் பதிலுக்கு ஒரு கையை நேராகத் தூக்க வேண்டும், அதுதான் எங்களுக்குள் அடையாளம்.

விசிலை வாயில் வைத்து ஊதினேன். காற்று உதட்டின் இரண்டு ஓரத்திலும் புஸ்ஸென்று போய்விட்டது. மறுபடி ஊதினேன். சத்தம் இல்லை. தண்ணீர் புகுந்திருக்கும் என்று உதறிவிட்டு ஊதினேன். அதற்குள் எனக்குப் பக்கத்தில் நின்ற காவலர் சண்முகத்தாய் தன் விசிலை ஊதிக்கொண்டே ஓடிவிட்டாள். நல்லவேளை, எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள்.

"என்னக்கா, விசில் ரிப்பேரா?" என்று திரும்பி வந்து கேட்டாள். என் விசிலை வாங்கி அவள் ஊதினாள். காது கிழிந்தது. நான் அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

அதே சீசனில் நடந்த இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் சொல்லக் கூச்சம் வந்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெண்கள் வரிசை கடைத்தெரு வரைக்கும் நின்றது. முப்பது வயது இருக்கும், நல்ல சுடிதார் போட்ட ஒரு பெண் என்னிடம் வந்தாள். "மேடம், என்னால ரொம்ப நேரம் நிக்க முடியாது. நரம்புல கோளாறு. கொஞ்சம் முன்னால விட்டிருங்களேன்" என்றாள். நான் அவளை ஏற இறங்கப் பார்த்தேன். "பாத்தா நல்லாத்தான இருக்கீங்க? இங்கன நிக்கிற எல்லாருக்கும் ஏதாவது ஒரு நோவு இருக்கத்தான் செய்யும். வரிசையில வாங்க" என்றேன். அவள் வரிசைக்குப் போகவில்லை. செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்தின் பக்கம் நடந்துவிட்டாள். நான் நியாயமாக நடந்துகொண்டதாகத்தான் நினைத்தேன்.

விசிலுக்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. சாயங்காலம் ஆனால் இடது கண் இமை தானாகக் கீழே இறங்கும். எதிரே வரும் பஸ் இரண்டாகத் தெரியும். ராத்திரி தோசையைப் பாதி மெல்லும்போதே தாடை ஓய்ந்துபோகும். கையால் தாடையைத் தாங்கிக்கொண்டு சாப்பிட்டேன். பேச்சு குழறியது. "ஏட்டம்மா ஊத்திக்கிட்டு வருதாங்களோ?" என்று ஸ்டேஷனில் ஒருவர் சொன்னது என் காதிலேயே விழுந்தது. அட பாவி! இருபது வருஷம் கூட வேலை பார்த்த மனுஷன்.

கொடுமை என்னவென்றால் காலையில் எழுந்தால் எல்லாம் சரியாக இருக்கும். டாக்டரிடம் காலையில்தானே போவோம்? போனேன். கையை மடக்கச் சொன்னார், கண்ணை மூடித் திறக்கச் சொன்னார். "ஒண்ணுமில்ல, நல்லாத் தூங்குங்க" என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். இரண்டு டாக்டர், மூன்று டப்பா சத்து மாத்திரை. வீட்டில் எல்லாரும் நிம்மதியாகிவிட்டார்கள்.

உங்களுக்கு இப்படி ஏதாவது இருந்தால், தயவுசெய்து சாயங்காலம் டாக்டரைப் பாருங்கள். எனக்கு அது புரிய ஐந்து மாதம் ஆனது.

திருநெல்வேலியில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் சாயங்காலம் ஆறு மணிக்கு டோக்கன் கிடைத்தது. தொங்கிய இமையோடு போய் உட்கார்ந்தேன். அவர் ஐஸ் கட்டியை ஒரு கையுறைக்குள் போட்டு என் இமை மேல் இரண்டு நிமிடம் வைத்தார். எடுத்ததும் கண்ணாடியைக் காட்டினார். இமை ஏறியிருந்தது. என் கண் எனக்கு முழுசாகத் தெரிந்தது. அங்கேயே அழுதுவிட்டேன். யாராவது நம்பினால் போதும் என்ற நிலையில் இருந்தேன்.

ரத்தப் பரிசோதனையும் நரம்புத் தூண்டல் சோதனையும் (நரம்பில் லேசான மின்சாரம் கொடுத்துத் தசை எப்படிச் சோர்கிறது என்று பார்ப்பது) அவர் நினைத்ததையே சொல்லின. மயஸ்தீனியா கிராவிஸ் (நரம்பு சொல்லி அனுப்பும் செய்தி தசைக்குப் போய்ச் சேராமல், வேலை செய்யச் செய்யத் தசை சோர்ந்துபோகும் நோய்).

"குணமாயிருமா சார்?"

"அடக்கி வைக்கலாம். காலையில உங்க கையில ஒரு குடம் தண்ணி இருக்குன்னு வைங்க. நாள் பூரா அதுதான். எதுக்கு ஊத்தணும்ங்கிறத நீங்கதான் பாத்துக்கணும்" என்றார்.

குடத்தைப் பார்த்துக்கொள்வதற்கு முன்னாலேயே அது கவிழ்ந்துவிட்டது. ஒரு காய்ச்சலோடு மூச்சு வாங்க ஆரம்பித்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் போய் விழுந்தேன். மூச்சு விடும் தசையும் சோர்ந்துபோனது. தொண்டையில் குழாய். பிறகு கொஞ்ச நாள் கழித்து தைமஸ் சுரப்பியை (நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் சின்னச் சுரப்பி, இந்த நோய்க்கு அதுவும் ஒரு காரணம்) அறுவை செய்து எடுத்தார்கள்.

குழாயோடு கிடந்த நாட்களில் ஒரு நாள் என் மகள் ஹர்ஷினியை ஐந்து நிமிடம் உள்ளே விட்டார்கள். அவளுக்கு ஒன்பது வயது. என்னைப் பார்த்ததும் கதவுப் பக்கமே நின்றுவிட்டாள். பேச முடியாத நான் பேப்பர் வாங்கி எழுதினேன்: "நல்லானதும் நாம ரெண்டு பேரும் ஒண்ணா சறுக்குவோம்."

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில் இருக்கும் தண்ணீர்ப் பூங்காவைத்தான் சொன்னேன். பஸ்ஸில் போனாலே அதன் உயரமான சறுக்கு தெரியும். இரண்டு பேர் உட்காரும் ரப்பர் மிதவை. உயரம் என்றால் அவள் அப்பாவுக்குத் தலை சுற்றும். அதனால் அந்தச் சறுக்கு எப்போதும் எங்கள் இரண்டு பேர் கணக்கில்தான் இருந்தது. அந்தப் பேப்பரை அவள் பென்சில் பாக்ஸில் மடித்து வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் தனிமை என்றால் என்னவென்று தெரிந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஆரஞ்சுப் பழத்தோடு ஊரே வந்தது. எழுந்து நடந்ததும் யாரும் வரவில்லை. என் கணவர் கணேசனுக்குப் புளியங்குடியில் எலுமிச்சைக் கமிஷன் கடையில் வேலை. விடிவதற்கு முன்னால் போய்விடுவார். நல்ல மனுஷன், ஒரு குறை சொல்லக்கூடாது. ஆனால் டிஸ்சார்ஜ் சீட்டு வாங்கிய அன்றே நோய் முடிந்துவிட்டது என்று அவர் நினைத்துவிட்டார். வேலையில் சேர்ந்ததும் வரவேற்பு மேஜையில் போட்டார்கள். சீசன் வந்தது. அருவி டூட்டிப் பட்டியலில் என் பெயர் இல்லை. சண்முகத்தாய் மட்டும் ஒரு நாள் வந்து, "அங்கன நீங்க இல்லாம நல்லாவே இல்லக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். மற்றவர்கள் எல்லாரும் சொன்ன வாக்கியம் ஒன்றுதான். "பாத்தா நல்லாத்தான இருக்கீங்க?" அதைக் கேட்கும்போதெல்லாம் செருப்பைத் தேடிய அந்தப் பெண்ணின் முகம் வந்து நிற்கும்.

தினமும் காலை மாத்திரை போட்டு அரை மணி நேரம் கழித்து விசிலை எடுத்து ஊதிப் பார்ப்பேன். சத்தம் வந்தால் அன்றைக்கு உடம்பு சரி. உள்ளறையில் படுத்திருக்கும் ஹர்ஷினி போர்வைக்குள்ளிருந்து ஒரு கையை நேராகத் தூக்குவாள். அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்த ஒரே போலீஸ் பாடம் அதுதான்.

மாற்றுத்திறனாளி அட்டை வாங்கிக்கொள்ளச் சொன்னவர் நரம்பியல் டாக்டர்தான். மருத்துவக் குழுவின் முன்னால் போனேன். நான் செய்த கூத்தைக் கேளுங்கள். காலையிலேயே மாத்திரை போட்டு, புடவையைக் கஞ்சி போட்டுத் தேய்த்து, மூன்று டாக்டர்களைக் கண்டதும் பழக்க தோஷத்தில் விறைப்பாக நின்றுவிட்டேன். "எப்படிம்மா இருக்கீங்க?" என்றார் ஒருவர். "நல்லா இருக்கேன் சார்!" என்றேன். இருபது வருஷமாக மேலதிகாரி கேட்டால் வேறு பதில் சொல்லிப் பழக்கமில்லை. அட்டை கிடைக்குமா? இரண்டாவது தடவை சாயங்காலம் போய், பழைய நைந்த புடவையில், உள்ளபடி சொல்லி வாங்கினேன். வாங்கி, பர்ஸில் போலீஸ் கார்டுக்குப் பின்னால் செருகி வைத்தேன். அப்படிச் செருகியதும் தப்புதான்.

ஹர்ஷினிக்கு முழு ஆண்டுத் தேர்வு முடிந்தது. பென்சில் பாக்ஸிலிருந்து அந்தப் பேப்பர் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வந்தது. டாக்டரிடம் கேட்டேன். "குளிர்ந்த தண்ணி நல்லதுதான். மாத்திரை வேலை செய்யுத நேரமாப் பாத்துப் போங்க. வெயில்ல நிக்காதீங்க, படி ஏறாதீங்க" என்றார்.

பூங்கா வாசலில் பத்தரை மணிக்கு மாத்திரை போட்டேன். அடுத்த மாத்திரை இரண்டரைக்கு. நடுவில் இருக்கும் நாலு மணி நேரம்தான் என் நாள். அதற்குள் அந்தச் சறுக்கு.

டிக்கெட் கவுண்டருக்குப் பக்கத்தில் ஒரு பலகை இருந்தது. மாற்றுத்திறனாளிகளும் நீண்ட நாள் நோயாளிகளும் அட்டையைக் காட்டிக் கையில் கட்டும் பச்சைப் பட்டை வாங்கலாம். வரிசையில் நிற்க வேண்டாம். எத்தனை மணிக்குத் திரும்பி வர வேண்டும் என்று ஒரு சீட்டு தருவார்கள். அதுவரை நிழலில் உட்கார்ந்திருக்கலாம். உடன் ஒருவர் வரலாம்.

கவுண்டரில் இருந்த பெண், "பட்டை யாருக்கு மேடம்?" என்று கேட்டுவிட்டு எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். சக்கர நாற்காலியைத் தேடியிருப்பாள்.

"எனக்குத்தான்."

"உங்களுக்கா?"

பின்னால் நின்ற ஒருவர், "எல்லாத்துக்கும் ஒரு குறுக்கு வழி கண்டுபிடிச்சிருதாங்கப்பா" என்றார். ஹர்ஷினி தரையைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் அவள் என்னைப் பற்றிச் சொல்லி வைத்திருப்பது எனக்குத் தெரியும். எங்கம்மா போலீஸ். அவ்வளவுதான். நோயைப் பற்றி ஒருவரிடமும் மூச்சு விட்டதில்லை.

கணேசன் என் காதோரம் குனிந்தார். "எதுக்குட்டி இந்த வம்பு? போலீஸ் கார்டக் காட்டு, வேலை முடிஞ்சிரும்."

பர்ஸைத் திறந்தேன். முன்னால் இருந்த கார்டு கைக்கு வந்தது. காட்டினேன். அந்தப் பெண் எழுந்து நின்றாள். மேற்பார்வையாளர் ஓடிவந்து, "வாங்க மேடம், முதல்லயே சொல்லக்கூடாதா?" என்று சறுக்கின் பக்கவாட்டுக் கதவைத் திறந்துவிட்டார். குறுக்கு வழி என்று சொன்ன மனுஷரே ஒதுங்கி வழி விட்டார். என்ன உலகமோ! நோயாளிக்கு ஆயிரம் கேள்வி, போலீஸுக்கு ஒரு கேள்வி கிடையாது. எனக்கு அப்போது பெருமையாகத்தான் இருந்தது. ஹர்ஷினி என் கையைப் பிடித்து ஆட்டிக்கொண்டு வந்தாள்.

கதவுக்கு அந்தப் பக்கம் படிகள்.

பச்சைப் பட்டைக்காரர்களுக்குப் பின்பக்கம் லிஃப்ட் உண்டு, மேலே ஏறிப்போனதும் உட்கார நாற்காலி உண்டு, மிதவையில் ஏற்றிவிட ஆள் உண்டு. அதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. போலீஸ் மேடத்துக்கு லிஃப்ட் எதற்கு என்று அவர்கள் நினைத்ததில் தப்பில்லை. டாக்டர் படி ஏறாதே என்று சொன்னது ஞாபகத்தில்தான் இருந்தது. ஆனால் சல்யூட் வாங்கிக்கொண்டு உள்ளே போனவள், "படி ஏற முடியாது" என்று எப்படிச் சொல்வது? ஏறினேன். கணேசன் கீழேயே நின்றுகொண்டார். சுள்ளென்ற வெயில், இரும்புப் படி. மூன்றாவது திருப்பத்தில் தொடை இரண்டும் என் சொல் கேட்கவில்லை. கைப்பிடி இரண்டாகத் தெரிந்தது. எது நிஜக் கைப்பிடி என்று தெரியாமல் இல்லாததைப் பிடித்து அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

மேலே ஏற வந்தவர்கள் எனக்குப் பின்னால் தேங்கி நின்றார்கள். "என்னம்மா, வழிய அடைச்சிக்கிட்டு?" என்று ஒரு குரல். பதில் சொல்ல நாக்கு எழவில்லை. என்னிடமிருந்து வந்தது குடிகாரனின் உளறல் மாதிரி ஒரு சத்தம். இன்னொரு குரல் சிரித்தது.

"சிரிக்காதீங்க!" ஹர்ஷினிதான் கத்தினாள். "எங்கம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல. மயஸ்தீனியா. நடிக்கல. தள்ளி நில்லுங்க, காத்து வரட்டும்!"

அந்த வார்த்தையை அவள் வாயால் அதுவரை நான் கேட்டதில்லை. எங்கே மனப்பாடம் செய்தாள் என்றும் தெரியாது. என் பர்ஸைப் பிடுங்கி, பின்னால் செருகியிருந்த அட்டையை எடுத்து, ஓடிவந்த ஊழியரிடம் நீட்டினாள்.

இரண்டு பேர் தூக்கிக் கீழே கொண்டுவந்தார்கள். ஜூஸ் கடை அண்ணாச்சி ஐஸைத் துண்டில் சுற்றிக் கொடுத்தார். ஹர்ஷினி அதை என் கண் மேல் பிடித்துக்கொண்டு வேப்பமர பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மூச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் இதை எழுத நான் இல்லை. கணேசன் போய் பச்சைப் பட்டை வாங்கி வந்தார். அதற்குள் கூட்டம் ஏறிவிட்டது. சீட்டில் ஒன்று நாற்பது என்று போட்டிருந்தது. காலையிலேயே வாங்கியிருந்தால் பத்து நிமிடத்தில் கூப்பிட்டிருப்பார்களாம்.

பெஞ்சில் இருந்து வரிசையைப் பார்த்தேன். இத்தனை வருஷம் வரிசைக்கு வெளியே நின்று லத்தியால் கோடு போட்டவள், வரிசைக்குள் என்ன நடக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். முறுக்கு கை மாறுகிறது. யாரோ யாருடைய பிள்ளையையோ தூக்கி வைத்திருக்கிறார்கள். எந்த ஊர், என்ன படிக்கிறாய் என்று பேச்சு ஓடுகிறது. பெஞ்சில் நிழல் இருந்தது. வீட்டு ஆட்களைத் தவிரப் பேச ஆள் இல்லை. என்னை வரிசையிலிருந்து காப்பாற்றிய பட்டை என்னைத் தனியாகவும் ஆக்கியிருந்தது. இருந்தாலும் சொல்கிறேன், வாங்கிக்கொள்ளுங்கள். முதலிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒன்று நாற்பதுக்கு லிஃப்ட்டில் மேலே போனோம். மிதவையில் நான் முன்னால், அவள் பின்னால். ஊழியர், "ரெண்டு கைப்பிடியையும் இறுக்கிப் பிடிங்க மேடம். விட்டா ஆபத்து" என்றார். பிடித்தேன். அவர் சொல்லி முடிப்பதற்குள் வலது கை விரல்கள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டன. மறுபடி பிடித்தேன். மறுபடி திறந்தன. காலையில் படியில் கொட்டிய தண்ணீர் குடத்துக்குத் திரும்பி வருமா?

ஹர்ஷினி என் விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நான் வரல ஏட்டி. நீ போ" என்றேன்.

அதற்கும் வழியில்லை. பட்டைக்காரர் இறங்கிவிட்டால் உடன் வந்தவருக்குத் தனியாக அனுமதி கிடையாதாம். விதி நியாயமானதுதான், நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். இரண்டு பேரும் லிஃப்ட்டில் இறங்கினோம்.

"வீட்டுக்குப் போவோமா?" என்று கணேசன் கேட்டார். ஹர்ஷினி மாட்டேன் என்று தலையாட்டினாள். "நான் வரிசையில நிக்கேன். அம்மா, மேல போனதும் விசில் அடிக்கணும். நீ பாக்கியான்னு எனக்குத் தெரியணும்."

சாப்பாட்டு நேரம் என்பதால் வரிசை குறைந்திருந்தது. அவள் போய் அதன் வாலில் நின்றாள். முன்னால் கடையநல்லூரிலிருந்து வந்த ஒரு குடும்பம், அதில் அவள் வயதில் ஒரு பிள்ளை. கொஞ்ச நேரத்தில் இரண்டும் கை தட்டி ஏதோ விளையாடின. ஒரு தடவை ஹர்ஷினி என் பக்கம் கையைக் காட்டி அந்தப் பிள்ளையிடம் ஏதோ சொன்னாள். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தது. என்ன சொல்லியிருப்பாள் என்று நான் பிறகும் கேட்கவில்லை. கணேசன் படி ஆரம்பிக்கும் இடம் வரை அவள் கூடவே நின்றார்.

இரண்டு பத்துக்கு உச்சியில் ஒரு சிவப்புச் சட்டை தெரிந்தது. எனக்கு இரண்டு சிவப்புச் சட்டை. ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டேன், ஒன்றானது. பையிலிருந்து விசிலை எடுத்து ஊதினேன். புஸ்ஸென்று காற்று போனது. விடவில்லை. கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் உதடுகளை விசிலைச் சுற்றி அழுத்திப் பிடித்தேன். பிடி நழுவ நழுவ ஊதினேன். மெலிசாக ஒரு சத்தம் வந்தது. பக்கத்தில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் பொருட்படுத்தவில்லை.

மேலே ஒரு கை நேராக உயர்ந்தது.

பிறகு மிதவை சரிந்து இறங்கியது. எனக்கென்று இருந்த முன் இடத்தில் அந்தக் கடையநல்லூர்ப் பிள்ளை உட்கார்ந்திருந்தது. இரண்டும் வீறிட்டுக் கத்திக்கொண்டு போனது கீழே வரைக்கும் கேட்டது. அடுத்த மாத்திரைக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. நான் விரலை எடுக்காமல், விசிலை வாயிலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.